கர்ப்பகாலக் காற்றும் கவலையும், தாயின் இதயமும்

கேள்வி: கர்ப்பகாலத்தில் சுவாசிக்கும் மாசுக்காற்றும் மன அழுத்தமும் தாயின் இதயத்தைப் பிற்காலத்தில் பாதிக்குமா?

பதில்: கர்ப்பகாலத்தில் தாயின் ரத்த அளவு ஏறக்குறைய 45 சதவீதம் கூடுகிறது, இதயமும் அதற்கேற்ப உழைக்கிறது. வாகனப் புகையிலும் விறகடுப்புப் புகையிலும் உள்ள, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று அழற்சியைத் தூண்டுகின்றன; ரத்தக் குழாய்கள் நெகிழ்வை இழக்கின்றன. ஓயாத மன அழுத்தமோ அட்ரினலின், கார்ட்டிசால் சுரப்பைக் கூட்டி அதே குழாய்களை இறுக்குகிறது. இரண்டும் ஒரே பெண்ணின் மீது விழுவது தற்செயல் அல்ல. நெரிசல் மிகுந்த சாலையோரத்துக் குறைந்த வாடகை வீடுகளில்தான் பணக்கவலையும் அதிகம்.

இவற்றோடு தொடர்புபடுத்தப்படும் முக்கிய நோய் பிரீஎக்ளாம்ப்சியா. 20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடும், தாண்டும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தணியும். ஆனால் அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் இதயநோயும் பக்கவாதமும் வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. அமெரிக்க இதயச் சங்கம் 2011-லேயே இதை இதயநோய் ஆபத்துக் காரணிகளில் சேர்த்துவிட்டது. இருந்தும், குழந்தையின் தடுப்பூசித் தேதியை மறக்காத வீடுகளில்கூடத் தாயின் ரத்த அழுத்தம் மறக்கப்படுவது வேதனைக்குரியது. இத்தகைய தாய்மார் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதிப்பதும், எத்தனை ஆண்டு கழிந்தாலும் கர்ப்பகாலச் சிக்கலை மருத்துவரிடம் சொல்வதும் அவசியம்.