மடிக்கும் பட்டா, மடியாத பட்டா?

காலாட்படையில் ஆயுதப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் புதுப் பையன்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: "உஸ்தாத், ஃபிக்ஸட் பட் நல்லதா, ஃபோல்டிங் பட் நல்லதா?" பட் என்றால் ரைஃபிளைத் தோளில் வைக்கும் பின்பகுதி; ஃபிக்ஸட் மடியாதது, ஃபோல்டிங் மடிவது. நான் திருப்பிக் கேட்பேன்: "டூட்டிக்கு நடந்து போறியா, வண்டியில போறியா?" பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

ஜவானுக்குத் தேர்வு செய்யும் உரிமை கிடையாது. கோத்தில், அதாவது ஆயுத அறையில், அவன் பெயருக்கு எந்த பட் நம்பர் இருக்கிறதோ, அதுதான் அவன் ரைஃபிள். ஆனால் இரண்டு வகையும் கம்பெனியில் இருந்தால், யாருக்கு எதைக் கொடுப்பது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். டிரைவருக்கும் ரேடியோ ஆபரேட்டருக்கும் மடிக்கும் பட். சென்ட்ரிக்கும் குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரனுக்கும் மடியாத பட். என் கணக்கு இதுதான்.

ரைஃபிளின் நீளம் சுடும்போது தொல்லை தருவதில்லை, சுமக்கும்போதுதான் தரும். ஜிப்ஸி வண்டியின் பின்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்து, அவசரமாக இறங்கும்போது பட் எங்காவது மாட்டும். ஏகே-74எம் ரைஃபிளை விரித்தால் 943 மி.மீ., மடித்தால் 700 மி.மீ. கிட்டத்தட்ட கால் மீட்டர் மிச்சம். இந்த வசதியைத் தேடியவர்களில் வான்குடை வீரர்களும் உண்டு. அமெரிக்கர்கள் 1942-இல் எம்1ஏ1 கார்பைனை அவர்களுக்காகவே செய்தார்கள். சோவியத் ராணுவமும் காலாட்படைக்கு மரப் பட் வைத்த ஏகே-47, வான்குடைப் படைக்கு மடிக்கும் பட் வைத்த ஏகேஎஸ் என்று பிரித்துக் கொடுத்தது.

எல்லா ரைஃபிளும் மடியாது. நம் பழைய எஸ்.எல்.ஆரில் ரிட்டர்ன் ஸ்பிரிங் பட்டுக்குள்ளேயே இருக்கும்; பட்டை மடித்தால் ரைஃபிள் ஓடாது. எம்16 வகையிலும் அதே கதை, பின்னே நீளும் குழாயில்தான் ஸ்பிரிங். அதனால் அந்த வகையில் பட்டை முன்னும் பின்னும் இழுக்கலாம், சாதாரணமாக மடிக்க முடியாது. ஏகே, இன்சாஸ் இரண்டிலும் ஸ்பிரிங் பாடிக்குள் இருப்பதால் மடிப்பதில் சிக்கலில்லை.

மடிக்கும் பட் கைக்கு வந்தால் முதலில் கீலைச் சோதியுங்கள். மேகஸினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்த பிறகு, பட்டை விரித்துப் பூட்டுங்கள். ஒரு கையால் பிஸ்டல் கிரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பட்டின் நுனியை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்று தட்டினால் கீல் தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டத்தால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் தோளும் கன்னமும் கொஞ்சம் இடம் மாறும்; ரேஞ்சில் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் குரூப்பிங் சிதறும். பையன் தன் சிஸ்தைக் (குறி பார்ப்பதை) குறை சொல்லிக்கொண்டிருப்பான். ஆர்மரரிடம் காட்ட வேண்டியது பட்டை.

அடுத்தது கன்னம். தகட்டாலோ கம்பியாலோ ஆன பட்டில் கன்னம் பதிய இடம் குறைவு. காஷ்மீர்க் குளிரில் அந்த இரும்பு கன்னத்தைக் கடிக்கும், ராஜஸ்தான் வெயிலில் சுடும். துணி சுற்றிக்கொள்பவர்கள் உண்டு. சுற்றினால் பூட்டும் பொத்தான் மறையாமலும், மடிக்கும்போது துணி இடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் மடியும் ஏகே பட் பெரும்பாலும் இடப்புறம்தான் மடியும். காக்கிங் ஹேண்டிலும் சேஃப்டியும் வலப்புறம் இருப்பதே காரணம். இடப்புறம் ஆப்டிக்ஸ் மாட்டினால் பட் அதில் இடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மடித்த நிலையில் சுட முடியும், ஆனால் தோளும் கன்னமும் இல்லாத சூட்டில் குறி நிற்காது. மடிப்பு பயணத்துக்கு மட்டும். இறங்கியதும் விரித்துப் பூட்டுவது அனிச்சையாக வரும்வரை பயிற்சி செய்ய வேண்டும்.

மடியாத பட்டின் பலம் அதன் எளிமை. உடைய கீல் இல்லை, மறக்கப் பூட்டில்லை. சங்கீன் (துப்பாக்கி முனைக் கத்தி) பயிற்சியில் பட்டால் ஓங்கி இடிக்கலாம். டிரில்லில் தரையில் ஊன்றினால் நிமிர்ந்து நிற்கும்.

ஆனால் நிலையான நீளம் எல்லாருக்கும் பொருந்தாது. பிபி (குண்டு துளைக்காத) ஜாக்கெட் போட்டதும் தோளின் தடிமன் கூடி, பட் நீளமாகிவிடும். குட்டையான பையன் கழுத்தை நீட்டிச் சிஸ்த் எடுப்பான். இந்த விஷயத்தில் மடிப்பதைவிட நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிதான் அதிகம் கைகொடுக்கும். அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏகே-203-இல் இரண்டும் உண்டு. எது கையில் கிடைத்தாலும், வெறும் சட்டையோடு தோளில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டூட்டிக்குப் போகும் முழு உடுப்போடு, ஜாக்கெட், பவுச் எல்லாம் மாட்டிக்கொண்டு படுத்து, உட்கார்ந்து, நின்று பாருங்கள்.