தில்லிக் குளிரும் தோலின் காவலும்

மைதிலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுதியின் சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம்கூடத் தெரியாதபடி மூடுபனி கவிந்திருக்கிறதென்றும், கொடியில் போட்ட துண்டு இரண்டு நாளாகியும் காயவில்லையென்றும், அத்தனை ஈரத்துக்கு நடுவிலேயே முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்துச் செதிலாக உதிர்ந்து, நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுகிறதென்றும் எழுதி, காற்றில் இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது உடம்பு மட்டும் ஏன் வறண்டுபோகிறது என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. தில்லியில் கரோல் பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய நம்மவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே, ஊரில் செய்ததையே அங்கும் செய்து, வருஷா வருஷம் மார்கழியையும் தையையும் அரிப்போடு கழித்து வந்ததை நான் அங்கிருந்த காலமெல்லாம் கண்டிருக்கிறேன். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையோடு படி.

காற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்பது கண்ணுக்கு உண்டாகும் மயக்கம். காற்று எவ்வளவு நீராவியைத் தன்னுள் தாங்கும் என்பது அதன் உஷ்ணத்தைப் பொறுத்தது. 5 பாகை செல்சியஸ் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 7 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. மிஞ்சியது சிறு துளிகளாகி மூடுபனியாக மிதக்கும். நம் கும்பகோணத்தில் மார்கழி விடியற்காலையில் 22 பாகை இருந்தால், அதே அளவு காற்றில் 17 கிராம்வரை நீராவி இருக்கும். சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் கணக்கில் ஜனவரி மாதத்துக் குறைந்தபட்ச உஷ்ணம் சராசரி 7, 8 பாகைதான்; 2006 ஜனவரி 8-ஆம் தேதி அது 0.2 பாகைக்கு இறங்கியது. 1935 ஜனவரி 16-ஆம் தேதியோ பூஜ்யத்துக்கும் கீழே போனது. இவ்வளவு குளிர்ந்த காற்று, 30 பாகைக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கும் உன் தோலைத் தொட்ட மாத்திரத்தில் சூடேறுகிறது; சூடேறியதும் முன்னைவிடப் பன்மடங்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும் சக்தி அதற்கு வந்துவிடுகிறது; வாங்கிக்கொள்ள அருகில் இருப்பது உன் சரீரம் ஒன்றுதான். அறையில் ஹீட்டர் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாலும் கதை அதுவே. வெளியிலிருந்து வந்த 7 கிராம் நீராவியோடு காற்று 20 பாகைக்குச் சூடாகும்போது, அதற்கு 17 கிராம் கொள்ளும் இடம் பிறந்துவிடுகிறது.

இந்த இழப்பைத் தடுக்கவே தோலின் மேற்பரப்பில் ஒரு படலம் அமைந்திருக்கிறது. உயிர் நீங்கிய தட்டையான அணுக்கள் பதினைந்து இருபது அடுக்குகளாக, ஓலைமேல் ஓலையாக வேய்ந்த கூரையைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, அவற்றின் இடுக்குகளில் ஒருவகைக் கொழுப்பு நிரம்பி, உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமல் காக்கிறது. இதன் கனம் முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் என்றால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். இதற்குமேல் எண்ணெய்ச் சுரப்பிகளின் பசையும் படர்கிறது. முகத்திலும் தலையிலும் அந்தச் சுரப்பிகள் ஏராளம். முழங்காலுக்குக் கீழே மிகக் குறைவு. உள்ளங்காலில் அறவே இல்லை. உன் முகம் பளபளவென்றிருக்கையில் கால் மட்டும் வெடிப்பதற்கும், உதட்டுத் தோல் எல்லாவற்றுக்கும் முன்னால் உரிவதற்கும் காரணம் இதுவே. சரும பராமரிப்பு என்று கடைக்காரர்கள் எதைச் சொன்னாலும் சரி, என் அபிப்பிராயத்தில் குளிர்காலத்தில் நாம் செய்யவேண்டியது தோலுக்குப் புதிதாக எதையும் ஊட்டுவதன்று, அதற்கு இயற்கையாகவே உள்ள காவலை நம் கையாலேயே கெடுக்காமல் இருப்பதுதான்.

நாம் கெடுப்பது பெரும்பாலும் குளியலறையில். வைகறையில் எழுந்து தலை முழுகுவதும், சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ எண்ணெய் தேய்த்துச் சீயக்காயால் அரக்கிக் குளிப்பதும், அன்றாடம் தலைமுதல் கால்வரை சோப்பு நுரைக்கத் தேய்ப்பதும் காவிரிக்கரையின் வியர்வைக்கும் புழுக்கத்துக்கும் ஏற்பட்ட நல்ல வழக்கங்கள். அவற்றை அப்படியே தில்லிக்குக் கொண்டுபோய், கீசரில் ஆவி பறக்கக் காய்ந்த தண்ணீரையும் சேர்த்துக்கொண்டால், அணுக்களின் இடுக்கிலுள்ள கொழுப்பெல்லாம் கரைந்து சாக்கடையோடு போகிறது. நல்ல தோல் சிறிது புளிப்புத் தன்மை உடையது. சாதாரண சோப்போ காரத்தன்மை மிகுந்தது. அதனால் அந்தப் படலம் சீராகப் பல மணி நேரம் பிடிக்கிறது. அதற்காகக் குளிக்காமல் இருக்கச் சொல்வதாக எண்ணாதே. உன் அம்மா அதைக் கேட்டால் என்னை மன்னிக்கமாட்டாள். வெயில் ஏறியபின் குளி. புறங்கையில் ஊற்றிப் பார்த்தால் சுடாத வெதுவெதுப்பு போதும். ஐந்து பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காதே. சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போதும். கைகால்களுக்குத் தண்ணீரே போதும். பயத்தமாவைக்கூட இந்த இரண்டு மாதமும் காலில் போட்டுத் தேய்க்க வேண்டாம். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடு.

அதற்கு அடுத்த மூன்று நிமிஷம்தான் மிக முக்கியமானது. தோலில் ஈரம் இருக்கும்போதே, குளியலறைக் கதவைத் திறக்குமுன் எண்ணெயோ களிம்போ பூசிவிடவேண்டும். நம் ஊரில் எண்ணெய் குளியலுக்கு முன்னால் வரும். தில்லியில் குளியலுக்குப் பின்னால் வரவேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே உன் காலில் உள்ள வெள்ளைக் கோடுகளில் பாதி மறைந்துவிடும். காய்ந்த தோலின்மேல் எவ்வளவு பூசினாலும் உள்ளே அடைத்து வைக்க ஈரம் இராது என்பதை மறந்துவிடாதே.

எதைப் பூசுவது என்று கேட்பாய். தேங்காயெண்ணெயே நல்லது; வறண்ட தோலுக்கு அது பயன்படுவதைப் பிலிப்பைன்ஸ் நாட்டு வைத்தியர்கள் முறைப்படி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால், நீ எழுதியபடி புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது. வாய் அகன்ற ஒரு சிறிய டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டால் விரலால் சுரண்டி எடுக்கலாம். உள்ளங்கைச் சூட்டில் நொடியில் உருகிவிடும். உன் பஞ்சாபித் தோழிகள் கடுகெண்ணெயைப் புகழ்வார்கள். வெயிலில் உட்கார்ந்து அதைத் தேய்த்துக்கொள்வது அந்தப் பிரதேசத்தின் பழைய வழக்கம். ஆயுர்வேத ஆசிரியர் சரகரும் ஹேமந்த ருது என்னும் முன்பனிக் காலத்துக்கு வகுத்த நடைமுறையில் எண்ணெய் தேய்ப்பையும் வெயில் காய்வதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். தேய்ப்பதிலும் வெயிலிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கடுகெண்ணெய் தோலின் காவற்படலம் சீராவதைத் தாமதப்படுத்துகிறதென்றும், சூரியகாந்தி எண்ணெய் துணைசெய்கிறதென்றும் ஆராய்ச்சிக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே வெடித்த தோலில் கடுகெண்ணெய் வேண்டாம்.

எண்ணெய் பாவாடையில் ஒட்டுகிறதென்றால் வாஸலின் இருக்கிறது. ராபர்ட் செஸ்ப்ரோ என்ற அமெரிக்கர் 1872-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்ரோலியக் களிம்பைப்போல் நீரை அடைத்து வைக்கும் பொருள் மலிவில் வேறில்லை. மெழுகையும் எண்ணெயையும் பன்னீரையும் சேர்த்துக் குழைக்கும் குளிர்களிம்பு ரோமாபுரியின் காலன் என்ற வைத்தியர் காலத்தது. 1929-இல் கல்கத்தாவில் கௌர் மோகன் தத்தர் சுதேசி ஆர்வத்தால் தொடங்கிய போரோலின், உதட்டு வெடிப்புக்கும் மூக்கோர எரிச்சலுக்கும் இன்றும் வட இந்திய வீடுகளில் முதலில் தேடப்படுகிறது. தில்லி வீடுகளில் கிளிசரினும் பன்னீரும் கலந்து வைத்திருப்பார்கள். நல்ல கலவைதான், ஏனெனில் கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் சுபாவமுடையது. ஆனால் அதன்மேல் சிறிது வாஸலின் தடவினால்தான் பிடித்த ஈரம் நிற்கும். கிளிசரின் கலவையில் எலுமிச்சஞ்சாறு பிழியும் வழக்கத்தை மட்டும் ஏற்காதே. அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்: சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம், அது இரண்டு கையகலத் தோலுக்குப் போதும். இதன்படி பார்த்தால் நம்மில் பலர் கால் முழுவதற்கும் பூசுவது வேண்டியதில் காற்பங்குகூட இல்லை.

கமலா நகர்க் கடைவீதியில் வேறுவிதமான களிம்புகளையும் உன் முன் நீட்டுவார்கள். நிறத்தை வெளுக்கச் செய்யும், தழும்பை மாற்றும் என்று சொல்லி மருந்துக் கடைகளில் விற்கும் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் கலந்திருக்கும். பூசிய சில நாட்களில் முகம் மின்னும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயில் பட்டால் சிவந்து எரியும். நிறுத்தினாலோ முன்னைவிட மோசமாகும். நாடு முழுவதும் தோல் வைத்தியர்கள் எச்சரித்ததன் பயனாக, இத்தகைய பல ஸ்டீராய்டுக் களிம்புகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018-இல் மத்திய அரசு உத்தரவிட்டது. உத்தரவு இருந்தும் கிடைக்கத்தான் கிடைக்கிறது. கறுப்பாகப் பிறந்த பெண்ணுக்கு அவள் நிறம் ஒரு வியாதி என்று நம்பவைத்துச் செய்யும் இந்த வியாபாரத்தை நான் மனமார வெறுக்கிறேன். டப்பாவின்மேல் சிறிய எழுத்தில் உள்ளதை வாசிக்காமல் முகத்தில் எதையும் வைக்காதே.

ஹீட்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். பரீட்சைக்குப் படிக்கும்போது ராடு ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்காருவது விடுதிகளில் சகஜம். தோல் சுடாவிட்டாலும், நாள்தோறும் ஒரே இடத்தில் படும் அந்த உஷ்ணம் காலில் வலைபோன்ற கரும்பழுப்புத் தழும்பை உண்டாக்குகிறது. காச்மீரத்தில் கனலிட்ட காங்கிரிச் சட்டியை ஆடைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் வழக்கத்தால், ஆண்டுக்கணக்கில் சூடுபட்ட அதே இடத்தில் புற்றுநோய் தோன்றுவதை எல்ம்ஸ்லி என்ற மிஷன் வைத்தியர் 1866-இலேயே எழுதிவைத்தார். ஹீட்டரை ஐந்தாறு அடி தள்ளி வை, தூங்கும்போது அணைத்துவிடு. காவற்காரர்கள் கரி மூட்டும் அங்கீட்டியை மட்டும் மூடிய அறைக்குள் யாரும் கொண்டுவர விடாதே. அதன் விஷவாயுவால் உறக்கத்திலேயே உயிர்போன குடும்பங்களின் செய்தி தில்லிப் பத்திரிகைகளில் குளிர்காலந்தோறும் வருகிறது.

குளிரில் விறைத்த விரல்களை நேராக நெருப்பில் காட்டுவதும் தவறு. அப்படிச் செய்தால் சிலருக்கு விரல்கள் சிவந்து வீங்கி, எரிச்சலும் அரிப்புமாகச் சில வாரங்கள் தொல்லை தரும். கையுறைக்குள்ளேயே மெல்லச் சூடேறட்டும். கம்பளிச் சட்டை நேராகத் தோலில் படாதபடி உள்ளே பருத்தி உடுப்பு அணிந்துகொள்.

இன்னொன்று கூச்சப்படாமல் கேள். இரவில் மட்டும் அரிப்பு மிகுந்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் தோன்றி, அறைத் தோழிக்கும் அதுவே இருந்தால், அது வறட்சியன்று, சிரங்கு. குளிருக்கு இருவர் ஒரே ரஜாய்ப் போர்வையில் படுப்பதால் சிற்றுண்ணி எளிதில் பரவுகிறது. வைத்தியரிடம் காட்டி, பெர்மெத்ரின் களிம்பை அறையிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளவேண்டும். ஒருத்தி விட்டுவிட்டாலும் மீண்டும் எல்லோருக்கும் வரும். வெந்நீரில் துவைக்க முடியாத போர்வைகளைப் பையில் கட்டி ஒரு வாரம் தனியே வைத்தால் உண்ணிகள் மடிந்துவிடும்.

வெயிலை விட்டுவிடாதே. மார்கழி முதல் வாரத்தில் தில்லியின் உச்சிச் சூரியன் 38 பாகை உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. கும்பகோணத்தில் ஏறக்குறைய 56 பாகை. ஆகவே தில்லிக்காரர்கள் நண்பகலில் புல்வெளியில் அமர்ந்து நிலக்கடலை உரிப்பதும் ஆரஞ்சுச் சுளை தின்பதும் வீண்பொழுது என்று எண்ணாதே; அந்த அரைமணி வெயில் உடம்புக்கு வேண்டியது. சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கருகாது. புகைமண்டலம் அதிகமான நாட்களில் வெளியே சென்று திரும்பியதும் தண்ணீரால் முகத்தைக் கழுவி, உடனே களிம்பிடு.

கால் வெடிப்புக்கு இரவுதான் ஏற்றது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் பாதத்தை ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, வாஸலினோ யூரியா சேர்ந்த களிம்போ கனமாகப் பூசி, பருத்திக் காலுறை மாட்டிக்கொண்டு படு. வெடிப்பில் இரத்தமோ நீரோ கசிந்தால், அல்லது எங்காவது தோல் சிவந்து தடித்தால், கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுத் தோல் வைத்தியரிடம் போ.

தில்லியின் சில பகுதிகளில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. சோப்பின் பிசுக்கு தோலிலேயே தங்கி அரிப்பைக் கூட்டும். உன் விடுதித் தண்ணீரில் சோப்பு எளிதில் நுரைக்கிறதா, பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதா என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது. படிகிறதென்றால் குளியலின் கடைசியில் ஊற்றிக்கொள்ள ஒரு சொம்பு கடினத்தன்மை நீக்கிய தண்ணீருக்கு ஏற்பாடு செய்வோம்.

இப்படிக்கு,
உன் அத்தை