தென்னங்குழி வெட்டுமுன் அறியவேண்டியது

பளைப் பகுதியின் மணற்பாங்கான நிலம் தென்னைச் செய்கைக்குப் பெயர்பெற்றது. ஆயினும் இதன் வடமேற்கேயுள்ள முகமாலை 2000ஆம் ஆண்டு முதல் 2009 தொடக்கம் வரை போர்முனையாக இருந்தமையால், மிதிவெடிகளும் வெடியாத எறிகணைகளும் அங்குள்ள காணிகளின் மண்ணுள் தங்கின. 2002இல் இலங்கையில் பணி தொடங்கிய ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் இத்தகைய காணிகளிலிருந்து வெடிபொருள்களை அகற்றியுள்ளது.

மண்ணைக் கிளறாமல் உள்ளிருப்பதை அறிவதெப்படி? உலோகம் காணும் கருவியின் அடியில் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதிற் பாயும் மாறுமின்னோட்டம் மண்ணுள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அங்கே உலோகம் இருப்பின், அதிலும் சிறு மின்னோட்டம் தோன்றி வேறொரு புலத்தைத் திருப்பியனுப்பும். கருவி அதனை உணர்ந்து ஒலிக்கும். கருவி அறிவது உலோகத்தையேயன்றி வெடிமருந்தையன்று. ஆகையால் ஆணிக்கும் முட்கம்பித் துண்டுக்கும் அது ஒலிக்கும். ஒவ்வோர் ஒலியையும் மிதிவெடியென்றே கொண்டு, பணியாளர் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றுவர். பணி தாமதமாகிறதென்று குறைகூறுவோர் இதனை எண்ணுதல் நன்று.

பிளாஸ்டிக் உறையுள்ள மிதிவெடியில் உலோகம் ஊசியளவே இருக்கும். ஒரு சாணுக்குக் கீழே அதனை உணர்தல் அரிது. இரும்புக் கனிமம் மிக்க செம்மண்ணில் மண்ணே ஒலியெழுப்பி மயக்குவதும் உண்டு. மணல் நிலத்தில் இத்தொல்லை குறைவு. ஆழத்திற் புதைந்த எறிகணைக்குக் காந்தமானி பயன்படும். அது எதனையும் மண்ணுள் அனுப்புவதில்லை. பூமியின் காந்தப் புலத்தில் இரும்பு உண்டாக்கும் மாறுதலை அளக்கும்.

துப்புரவு ஒரு குறித்த ஆழம் வரைக்குமே செய்யப்படுவது. தென்னங்குழியோ மூன்று அடி ஆழமுடையது. கிணறும் மலசலகூடக் குழியும் அதனினும் ஆழமானவை. ஆகவே, காணி கையளிக்கப்படும்போது எவ்வளவு ஆழம் வரை தேடப்பட்டதெனக் கமக்காரர் கேட்டறிதல் வேண்டும். அவ்வாழத்துக்குக் கீழே வெட்டுமுன் கிராம உத்தியோகத்தர் மூலம் கிளிநொச்சியிலுள்ள கண்ணிவெடிச் செயற்பாட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்குக. கடையில் வாங்கிய கருவி ஒலிக்காமையை நம்பி வெட்டுதல் ஆகாது. துப்புரவாகாத காணியிற் பற்றைக்குத் தீயிடுதலும் ஆகாது.

அலவாங்கு இரும்பிற் பட்டதுபோலத் தோன்றின், அதனை அசைக்காமல் அவ்விடத்திலேயே விட்டு, வந்த அடிச்சுவட்டின்மேலேயே திரும்புக. தொலைவில் ஓர் அடையாளம் நாட்டிப் பிறரையும் மாடுகளையும் தடுத்தபின், உடனே அறிவிக்குக.