கெட்ட படங்களையும் காட்டு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வித்துராவில் நடத்தப்போகும் பயிற்சிப் பட்டறைக்காக நீ தமிழில் எழுதிய கிரையோ-ஈஎம் (உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி) கையேட்டை உன் ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். பொன்முடி அடிவாரத்து ஐசர் வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு, நாகர்கோவில், திருநெல்வேலிக் கல்லூரிகளிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்காக எழுதியிருக்கிறாய். எலக்ட்ரான் எப்படிப் புறப்படுகிறது, லென்ஸ் என்ன செய்கிறது என்பதையெல்லாம் நீ சரியாகவே சொல்லியிருக்கிறாய். அதைப் பற்றி நமக்குள் பேச ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வந்த இடத்துக்கே நேராக வருகிறேன்.

புரதத்தைச் சுற்றிக் கன உலோக உப்பைப் படியவைத்துப் படமெடுக்கும் நெகட்டிவ் ஸ்டெயினைப் "பழைய முறை, இப்போது அவசியமில்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். எந்தத் தைரியத்தில் அப்படி எழுதினாய்? 1959இல் பிரென்னரும் ஹார்னும் அந்த முறையைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். இன்றைக்கும் புதிதாக ஒரு புரதம் கையில் கிடைத்தால் நான் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான். அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டாம், ஈத்தேன் வேண்டாம், 300 கிலோவோல்ட் இயந்திரமும் வேண்டாம். ஊர்க் கல்லூரியில் மூலையில் நிற்கும் சாதாரண டெம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) போதும். புரதக் கரைசலில் ஒரு துளி, நீரில் ஒரு கழுவல், யுரேனைல் அசிட்டேட்டில் ஒரு துளி, அவ்வளவுதான். ஃபில்டர் பேப்பரைக் கிழித்து, அந்தக் கிழிந்த ஓரத்தை, துளியைத் தாங்கும் கிரிட் என்ற சிறு உலோக வலையின் விளிம்பில் தொட்டுப் பார். துளி பின்வாங்கி மெல்லிய படலமாக ஒடுங்குவது கண்ணுக்கே தெரியும். எந்த நொடியில் பேப்பரை எடுக்க வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது. பத்துக் கிரிட் கெட்ட பிறகு விரல் தானாகக் கற்றுக்கொள்ளும்.

அதில் 15, 20 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே போக முடியாது என்பாய். உண்மைதான். ஆனால் புரதம் கூட்டாகச் சேர்ந்து நிற்கிறதா, பிய்ந்து கிடக்கிறதா, கட்டியாகிவிட்டதா என்பதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடும். பெங்களூரில் என்சிபிஎஸ் வளாகத்தில் உள்ள தேசிய கிரையோ-ஈஎம் மையத்துக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். இங்கிருந்து ரயிலேறி அங்கே போய், கிரிட்டை உள்ளே ஏற்றிய பிறகுதான் புரதம் பிய்ந்திருப்பது தெரிந்தது என்றால், வீணாவது உன் நேரம் மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் இன்னொருவரின் இரவும்தான். கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு முழு அத்தியாயமே எழுது.

அடுத்த குறையைச் சொல்ல எனக்கு உள்ளபடியே வருத்தம். கையேட்டில் அத்தனை படங்கள் இருக்கின்றன, அத்தனையும் அழகு! துளைகளில் கண்ணாடி போன்ற பனி, சீராகப் பரவிய துகள்கள், வகைப்படுத்திய சராசரிப் படங்கள். கெட்ட படம் ஒன்றுகூட இல்லை. இதைப் படித்துவிட்டு முதன்முதலில் இயந்திரத்தின் முன் உட்காரும் பிள்ளை திரையில் பார்க்கப்போவது இதில் எதையுமே அல்லவே!

வித்துராவில் என்ன தெரியும் என்று உனக்கே தெரியும். ஜூனில் தொடங்கும் மழை அங்கே நவம்பர் வரைக்கும் விடாது. துளியை உறையவைக்கும் கருவியைப் பற்றி நீ "கருவியின் அறைக்குள் ஈரப்பதம் 100 சதவீதம், வெப்பம் 4 டிகிரி" என்று எழுதியிருக்கிறாய். சரி. அந்தக் கருவி நிற்கிற அறையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே? உள்ளே துளி காயாமலிருக்க ஈரம் வேண்டும். வெளியேயோ ஈரம்தான் பகை. குளிர்நாட்டுக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் போதாது. நம் ஊரில் நைட்ரஜன் பாத்திரத்தின் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்தாலே காற்றின் ஈரம் உறைந்து பொடிப்பொடியாக உள்ளே விழும். கிரிட்டை அங்கே இங்கே மாற்றும்போது அந்தப் பொடி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோகிராஃபில், அதாவது நுண்ணோக்கி எடுத்த படத்தில், துளையை அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகத் தெரிவது அதுதான். இடுக்கியை மறுபடி முக்குவதற்கு முன் ஹேர் டிரையரில் காய வை, பழைய நைட்ரஜனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்று, பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சு விடாதே. இதையெல்லாம் எழுது, பக்கத்தில் அந்தக் கறுப்புக் கட்டிகளின் படத்தையும் போடு.

அதோடு நிறுத்தாதே. பனி தடித்துப்போய் துகளே தெரியாத துளை, பனி மெலிந்து புரதமெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்ட துளை, கிரிட் சூடேறி கண்ணாடிப் பனி படிகமாக மாறிய துளை, கார்பன் கிழிந்து தொங்கும் சதுரம், எல்லாத் துகளும் ஒரே பக்கம் திரும்பி நிற்கும் படம் எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னது ஏன் நேர்கிறது என்றும் விளக்கு. அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் ஒவ்வொரு புரதமும் உறைவதற்கு முன் காற்றுத் தொடும் பரப்பில் மறுபடி மறுபடி மோதுகிறது. எந்தப் பக்கம் ஒட்டிக்கொள்கிறதோ அந்தப் பக்கமே படத்தில் விழும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் படம் ஃபிலிமில் விழும். கோடாக்கின் எஸ்ஓ-163 ஃபிலிம், டி-19 கரைசல், இருட்டறையில் மங்கலான சிவப்பு விளக்கு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஈரம் சொட்டும் ஃபிலிமை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து, பூதக்கண்ணாடியோடு குனிந்துவிடுவார். அதன் பிறகு லேசர் ஒளியில் வைத்து, படத்தின் தரத்தைக் காட்டும் தோன் வளையங்களைப் பார்ப்பார். வளையம் நீள்வட்டமானால் லென்ஸ் சரியில்லை, ஒரு திசையில் அறுந்துபோனால் கிரிட் நகர்ந்திருக்கிறது. தேறாத ஃபிலிமை அவர் குப்பையில் போட்டதே இல்லை. என்ன கோளாறு என்று உறையின்மேல் பென்சிலால் எழுதி ஒரு மேசை இழுப்பறையில் அடுக்கிவைப்பார். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் முதல் வாரம் முழுக்க அந்த இழுப்பறையின் முன்தான் உட்காரவைப்பார். இன்றைக்கு எனக்கு எதையாவது பார்த்துச் சொல்லத் தெரிகிறது என்றால் அது அந்த இழுப்பறை தந்தது.

இன்றைய பிள்ளைகள் மைக்ரோகிராஃபையே பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன, மென்பொருள் துகள்களைப் பொறுக்குகிறது, வகைப்படுத்துகிறது, கடைசியில் ரெசொல்யூஷன் என்று ஓர் எண்ணைக் கொடுக்கிறது. உன் கையேட்டிலும் பாதிக்குமேல் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதுதான். 2013இல் ரிச்சர்ட் ஹென்டர்சன் எழுதிய கட்டுரையை நீ படித்திருப்பாய். வெறும் இரைச்சல் மட்டுமே உள்ள படங்களை எடுத்து, ஐன்ஸ்டீனின் புகைப்படத்தை மாதிரியாக வைத்து ஒழுங்குபடுத்திச் சராசரி எடுத்தால், அந்த இரைச்சலிலிருந்தே ஐன்ஸ்டீன் முகம் எழுந்துவருகிறது. எச்.ஐ.வி. கிருமியின் மேலுறைப் புரதத்தைப் பற்றி அந்த ஆண்டு வெளியான ஓர் அமைப்பை எதிர்த்து அவரும் ஸ்ரீராம் சுப்ரமணியமும் மரின் வான் ஹீலும் தனித்தனியாக எழுதினார்கள். அங்கே துகள்கள் உண்மையில் இருக்கின்றனவா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. முதல் மைக்ரோகிராஃபைக் கண்ணால் பார்த்தவன் கேட்கிற கேள்வி அது. நான்கு ஆண்டு கழித்து துபோஷே, ஃபிராங்க் இருவரோடு நோபல் பரிசு பெற்ற மனிதர் ஹென்டர்சன். அவரே துகள் தெரிகிறதா என்று முதலில் பார் என்கிறார், நாம் பார்க்கக் கூடாதா?

எது தவறு என்று காட்டுவதற்கு நம் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. எர்ணாகுளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஜி.என்.ராமச்சந்திரன், 1963 ஜனவரியில் புரத அமைப்பைப் பற்றிச் சென்னையில் ஒரு சர்வதேசக் கருத்தரங்கு கூட்டினார். 1967இல் இன்னொன்று. உலகம் கிண்டியைத் தேடி வந்தது. ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு அவர் வெளியிட்ட வரைபடமும் அதே 1963தான். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பவே முடியாது என்பதைக் காட்டியதுதான் அதன் பலம். இன்றைக்கு உலகில் யார் கிரையோ-ஈஎம் மாதிரி கட்டினாலும் அந்த வரைபடத்தின் முன் நிறுத்திச் சோதிக்காமல் விடுவதில்லை. எது தவறு என்று சொல்லித்தந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு நீ சரியானதை மட்டும் காட்டுகிறாய்.

இவ்வளவு திட்டியபின் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். இடுக்கி பிடிக்கும் பயிற்சிக்கு நீ ஒதுக்கியிருக்கும் பக்கத்தைப் போல ஒன்றை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை. 3 மில்லிமீட்டர் செப்பு வட்டத்தை வளைக்காமல் விளிம்பில் பிடிப்பது, முழங்கையை மேசையில் ஊன்றுவது, முதல் நாள் நைட்ரஜனே இல்லாமல் வெறும் கிரிட்டைப் பெட்டியில் வைத்து வைத்து எடுப்பது, நீயே கையால் வரைந்த அந்த நான்கு படங்கள்! படிக்கும்போதே என் விரல் அசைந்தது. அந்த ஒரு பக்கத்துக்காகவே கையேட்டை அச்சிடலாம். அதை எழுதத் தெரிந்தவனுக்கு மற்றதையும் எழுதத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

பட்டறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருகிறவர்களுக்கு இப்போதே எழுதிப்போடு: ஒவ்வொருவரும் தங்கள் ஆய்வகத்திலிருந்து கெட்டுப்போன ஒரு படத்தைக் கொண்டுவர வேண்டும், நெகட்டிவ் ஸ்டெயினோ கிரையோவோ எதுவானாலும் சரி. முதல் நாள் காலையில் வேறு எந்த உரையும் வேண்டாம், அந்தப் படங்களைச் சுவரில் போட்டு எல்லோரும் பேசட்டும். ஆசிரியர்களும் தங்கள் படத்தைக் கொண்டுவரட்டும். என்னிடம் பழைய ஃபிலிம்கள் கொஞ்சம் இருக்கின்றன, உறையில் பென்சில் எழுத்தோடு. ஸ்கேன் செய்யத் தெரிந்த ஒருவரை அனுப்பிவை, தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மூத்த தோழன்