தினம் ஒரு படம்

கேள்வி: நாளுக்கொரு படம் என்று உக்குவளையிலேயே எடுத்து வருகிறேன். புகையிரத நிலையம், தேத்தண்ணிக் கடை, சாக்கில் காயும் கராம்பு எல்லாம் முடிந்தது. இனி என்ன இருக்கிறது?

பதில்: கராம்பு ஒன்றே ஒரு கிழமைக்குப் போதுமே! பச்சையும் சிவப்புமாய்ப் பறித்த மொட்டு வெயிலில் கபில நிறமாவதைத் தினமும் அதே நேரத்தில், அதே சாக்கில் எடுத்துப் பாருங்கள். பொல்கொல்லையில் திருப்பிய மகாவலி நீர் சுரங்கவழி வந்து 1976 முதல் உங்கள் ஊரில்தான் மின்சாரமாகிறது. பிறகு சுது கங்கையில் சேர்கிறது. அந்த ஆற்றங்கரைக்குப் போங்கள். குளிப்பவர்களை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள், அடி விழும். பெயர் பெற்ற இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) மீனவரையும் வயலையும்கூட எடுத்தார். அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. நீங்கள் திகதியும் இடமும் குறித்து, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள்.