கோப்பில் உன் சொல் இருக்கட்டும்

அன்புள்ள பெறாமகளுக்கு,

ஒஸ்லோவில் ஓர் அமைச்சில் உனக்கு வேலை கிடைத்ததை அண்ணா தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. எண்பதுகளில் நாங்கள் இரண்டு பேரும் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்தில், அரசாங்கம் என்றால் எங்களுக்கு ஒரு கடித உறைதான். வதிவிட அனுமதி பற்றி வரும் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு சொல்லாகப் படிப்போம். அடியில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் நல்லவரா, எங்கள் கதையை முழுதாக வாசித்தாரா என்று இரவிரவாகப் பேசிக்கொண்டிருப்போம். இனி அரசாங்கக் கடிதங்களின் அடியில் உன் பெயரும் வரப்போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ போய்ச் சேரும் அமைப்பு எதன்மேல் நிற்கிறது என்பதை மனதில் இருத்து. நிறைவேற்று அதிகாரம் அரசரிடம் இருக்கிறது என்றுதான் 1814 அரசியலமைப்பு சொல்கிறது. இன்றும் வெள்ளிக்கிழமைகளில் அமைச்சர்கள் அரண்மனைக்குப் போய் அரசரோடு ஒரே மேசையில் இருந்து தீர்மானங்களை நிறைவேற்றுகிறார்கள். ஆனால் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையை இழந்த அரசாங்கம் நிற்க முடியாது என்பது 1884இலிருந்து வழக்கமாக வேரூன்றியது. 2007இல் அது அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவை எடு. அங்கே நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி ஒருவரிடம் இருக்கிறது. 15 திணைக்களங்களின் தலைவர்களும் அவருக்குக் கீழே. ஜனாதிபதி மாறினால் ஏறத்தாழ 4,000 பதவிகளில் ஆட்கள் மாறலாம். முன்பு அங்கே இன்னும் மோசம். பதவி கேட்டு ஏமாந்த ஒருவன் 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட பிறகுதான், தகுதி பார்த்து நியமிக்கும் சட்டம் 1883இல் வந்தது. நோர்வேயிலோ ஓர் அமைச்சில் அரசியல் நியமனங்களைப் பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அரசாங்கம் மாறும் நாளில் பழைய அமைச்சர் புதியவரிடம் திறப்பைக் கொடுப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். திறப்பு கைமாறிய பிறகும் மற்ற மேசைகளில் அதே ஆட்கள்தான் இருப்பார்கள். இனி நீயும் அவர்களில் ஒருத்தி.

அரசியலுக்குப் போன எங்கள் தமிழ்ப் பிள்ளை கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் போனார். நாங்கள் பெருமைப்பட்டோம். அவர் மக்களிடம் வாக்குக் கேட்டுப் போனவர், மக்கள் விரும்பாவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம். உன்னை எவரும் வாக்களித்துத் தெரிவு செய்யவில்லை, அடுத்த தேர்தலில் அனுப்பவும் மாட்டார்கள். அதனாலேயே உன் பொறுப்பு கூடுகிறது.

அந்தப் பொறுப்பைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, நலன்புரி உதவிகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான நாவின் கதையே சாட்சி. நோய்க்காலப் பணம் போன்ற உதவிகளைப் பெறுகிறவர் மற்றொரு ஐரோப்பியப் பொருளாதார வலய நாட்டில் தங்கினாலும் அந்த உரிமையை இழக்கக்கூடாது என்ற ஐரோப்பிய விதி, 2012 ஜூனிலிருந்து நோர்வேயிலும் நடைமுறையில் இருந்தது. அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, போய்வந்தவர்களிடம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மோசடி என்று வழக்குப் போட்டார்கள். குற்றம் செய்யாதவர்கள் சிறைக்கும் போனார்கள். 2017இலேயே சமூகக் காப்புறுதி மேன்முறையீட்டு மன்றம் நாவின் முடிவுகளை மாற்றத் தொடங்கியிருந்தது. ஆனால் பிழை பகிரங்கமாக ஒப்புக்கொள்ளப்பட்டது 2019 ஒக்டோபரில்தான். 2020 ஓகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கைக்குப் பார்வை படாத இடம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நாவ், அமைச்சு, வழக்குத் தொடுநர், சட்டத்தரணி, நீதிபதி என்று எல்லோர் கையிலும் கோப்பு இருந்தது. மேலே இருப்பவர் பார்த்திருப்பார் என்று கீழேயும், கீழே சரிபார்த்திருப்பார்கள் என்று மேலேயும் நம்பினால் இப்படித்தான் முடியும்.

பிள்ளை, ஒரு சொல் கேள். உனக்குப் பிழை என்று பட்டதை வாயால் சொல்லிவிட்டு விடாதே, எழுதிக் கோப்பில் வை. அமைச்சர் முடிவெடுக்க முன்னம் உனக்குத் தெரிந்த எல்லாவற்றையும், அவருக்குக் கசந்தாலும், சொல்லு. முடிவு எடுத்த பிறகு, அது சட்டத்துக்கு உட்பட்டதென்றால், உன் கட்சி விருப்பத்தை வீட்டில் வைத்துவிட்டு நேர்மையாகச் செய். சட்டத்துக்கு மாறானது என்றால் உன் கையெழுத்தைப் போடாதே. அரசாங்க ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை 1970லேயே இந்த நாடு சட்டமாக்கியது. விதிவிலக்குகள் இருந்தாலும், நீ எழுதுவதை ஒருநாள் ஊரே படிக்கலாம் என்று நினைத்து எழுது.

இன்னொன்று. குடிமக்களுக்கு எழுதும்போது சிறிய வசனங்களாக எழுது. என்ன முடிவு, ஏன், யாரிடம் எந்தத் திகதிக்குள் முறையிடலாம் என்பதை முதற் பக்கத்திலேயே சொல்லு. நாங்கள் அகராதி தேடிய அந்த மேசையில் இன்றைக்கு சிரியாவிலிருந்தோ எரித்திரியாவிலிருந்தோ வந்த ஒருவர் இருப்பார். அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவதும் தூங்காததும் உன் ஒரு வசனத்தில் இருக்கிறது.

அன்புடன்,
சித்தப்பா