அந்தமானுக்குக் கப்பலா, விமானமா?

வெளியூர்ப் பயணம் என்றால் ரயிலா, விமானமா என்று கேட்பது வழக்கம். அந்தமானுக்கு அந்தக் கேள்வி செல்லாது. தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை சுமார் 240 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போடும் திட்டம் 2017இல் பேசப்பட்டது. ரயில் வரவில்லை. தமிழ்நாட்டுக்காரருக்கு ரயில் சென்னையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் 1,350 கிலோமீட்டருக்கும் மேல் வங்காள விரிகுடா. அதைத் தாண்டிப் போர்ட் பிளேர் போய்ச் சேர வழி இரண்டுதான். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. ஆனாலும் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

‘விமானம் வேகம், கப்பல் மலிவு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிக் கதை. விமானத்தில் தேதி பெரும்பாலும் நிற்கும், கட்டணம் நிற்காது. கப்பலில் கட்டணம் நிற்கும், தேதி நிற்காது. இரண்டில் எது மாறினால் உங்களால் தாங்க முடியும் என்பதுதான் கேள்வி.

நேரம்

சென்னையிலிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரத்தில் போய்விடும். கப்பலுக்கு ஏறத்தாழ 60 மணி நேரம், அதாவது இரண்டரை நாள். கடல் முரண்டு பிடித்தால் இன்னும் கூடும். விமானம் தினமும் உண்டு. கப்பல் மாதத்தில் சில முறைதான். அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை வெளியிடும் அட்டவணையும் மாறக்கூடியது. புயல் சின்னம் உருவானாலோ, கப்பல் பழுதுபார்க்கப் போனாலோ புறப்பாடு தள்ளிப்போகும். ஒரு வாரம் மட்டும் விடுப்பு உள்ளவர் போக வரக் கப்பலையே நம்பினால், தீவில் நிற்கவே நாள் மிஞ்சாது.

விமானத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வீர சாவர்க்கர் விமான நிலையத்துக்கு 2023 ஜூலையில் சிப்பி வடிவில் புது முனையம் வந்தது. ஓடுபாதை மட்டும் ஒன்றுதான். கடற்படையின் ‘உத்குரோஷ்’ தளத்துக்கும் அதுவே. மழை மறைத்து இறங்க முடியாமல் போனால் ஒதுங்குவதற்குப் பக்கத்தில் வேறு பயணிகள் விமான நிலையம் இல்லை. மெயின்லேண்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

பணம்

கப்பல் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. பொங்கலானாலும் பள்ளி விடுமுறையானாலும் அதே தொகை. தீவுவாசி அட்டை உள்ளவர்களுக்குக் கட்டணம் குறைவு, மற்றவர்களுக்குக் கூடுதல். வகுப்புகளில் மலிவானது பங்க்: பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கைகள், பொதுக் கழிப்பறை. அதற்கு மேல் இரண்டாம் வகுப்புக் கேபின், முதல் வகுப்புக் கேபின், டீலக்ஸ் என்று ஏறிக்கொண்டே போகும். சாப்பாட்டுக்குத் தனிக் காசு.

விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். டிசம்பர், ஜனவரியில் கடைசி நேரத்தில் போனால் கை சுடும். இரண்டு மாதம் முன்பே பதிவு செய்தால், அதுவும் மழைக்காலத்தில், டீலக்ஸ் கேபினுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே விமானச் சீட்டு கிடைத்துவிடலாம். அதனால் ‘கப்பல் மலிவு’ என்பது பங்க் வகுப்புக்கும், கடைசி நேரத்தில் கிளம்பும் குடும்பங்களுக்கும்தான் நிச்சயமாகப் பொருந்தும்.

உடம்பு

பேருந்தில் போனாலே குமட்டுகிறது என்பவர்கள் கப்பலை யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஆட்டம் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவாகத் தெரியும். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனாலும் கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் கரையை விட்டு இரண்டரை நாள் விலகியிருப்பது சரியில்லை. சிகிச்சைக்காகத் தீவிலிருந்து சென்னை வருபவர்களுக்கும் விமானம்தான்.

மூட்டை முடிச்சு

உள்நாட்டு விமானத்தில் சாதாரணச் சீட்டுக்குப் பொதுவாக 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான். வேலை மாறுதலாகிப் போகிறவர்கள், பாத்திரம் பண்டத்தோடு குடிபோகிறவர்கள் இதில் அடங்க மாட்டார்கள். அவர்களுக்குக் கப்பல் தாராளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுவாசிகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி. அதனால் சென்னைக் கப்பலில் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருக்காது. பகலில் டெக்கில் காற்று வாங்கலாம், பறக்கும் மீன்களைப் பார்க்கலாம். ஆனால் கைப்பேசிக்கு வேலை இருக்காது. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்டிலிருந்து கடலடியில் செயல்படுகிறது. அதனால் தீவுகளில் இணையம் சீரானதே தவிர, நடுக்கடலில் சிக்னல் வந்துவிடவில்லை. கப்பலிலிருந்தே அலுவலக வேலை பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

ரயிலை எங்கே விடுவது

விமானம் ஏறுகிறவர்கள் தென்மாவட்ட ரயிலிலிருந்து தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். எதிரே விமான நிலையம். கோவை, சேலம் பக்கமிருந்து சென்ட்ரல் வருபவர்களுக்கு அங்கிருந்தே மெட்ரோ இருக்கிறது. கப்பல் ஏறுகிறவர்கள் எழும்பூரிலிருந்தோ, சென்ட்ரல் எதிரே உள்ள பூங்கா நிலையத்திலிருந்தோ மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போனால் துறைமுகம் பக்கத்தில்தான். பெட்டிகள் அதிகம் என்றால் ஆட்டோவே நல்லது. எதில் போனாலும் முதல் நாளே சென்னைக்கு வந்துவிடுங்கள். ரயில் தாமதமானது என்று கப்பலும் நிற்காது, விமானமும் நிற்காது.

இறங்கிய பிறகு

கப்பல் சேரும் ஹேடோ துறையும் சரி, விமான நிலையமும் சரி, ஊருக்குள்ளேயே இருக்கின்றன. போர்ட் பிளேரிலிருந்து ஸ்வராஜ் தீவுக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்குக்கு, அரசுப் படகில் இரண்டரை மணி நேரம். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். டிக்லிபூருக்குச் சாலையில் போனால் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்துக்குள் ஜிர்காடாங்கிலிருந்து குறித்த நேரத்தில் கான்வாயாகத்தான் வண்டிகளை விடுவார்கள். அங்கே நிற்கவோ படம் எடுக்கவோ கூடாது. கடல் கெட்டால் படகுகள் ரத்தாகும். அதனால் ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவை எப்போதும் போர்ட் பிளேரிலேயே கழியுங்கள்.

யாருக்கு எது

ஒரு வார விடுப்பு, சிறு குழந்தைகள், நோயாளிகள், திருமணம் துக்கம் போன்ற தேதி தவற முடியாத காரியங்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், விமானம்தான். வீடு மாற்றுகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கையில் காசு குறைவாகவும் நாள் அதிகமாகவும் உள்ள மாணவர்கள், கடலைப் பார்க்கவே கிளம்புகிறவர்கள் கப்பலில் போகலாம்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு இரண்டையும் கலந்துகொள்வதே நல்லது: போகும்போது கப்பல், வரும்போது விமானம். போகும்போது ஒரு நாள் தள்ளிப்போனால் தீவில் ஒரு நாள் குறையும், அவ்வளவுதான். திரும்பும்போது தள்ளிப்போனால் வேலைக்கும் பள்ளிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். கப்பல் டிக்கெட் கைக்கு வந்த பிறகே திரும்பும் விமானத்தையும் விடுதிகளையும் பதிவு செய்யுங்கள். அதற்குள் விமானக் கட்டணம் கூடினாலும் பரவாயில்லை. தள்ளிப்போன கப்பலால் எல்லாப் பதிவுகளையும் ரத்து செய்வதைவிட அது லாபம்.